காணோமா, கண்ணில் படவில்லையா?

தபால்தலை சேர்ப்பவர்கள், பழைய நாணயம் சேர்ப்பவர்கள், தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் எல்லோரையும் நமக்குத் தெரியும். ஆனால், மலையிலும் காட்டிலும் யாரோ ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிப் போய், அதற்குள் இருக்கும் ரப்பர் முத்திரையைத் தன் நோட்டில் குத்திக்கொண்டு, டப்பாவைப் பழையபடி அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பும் ஜனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்து டார்ட்மூர் மேட்டு நிலத்தில் பிறந்த பொழுதுபோக்கு இது. பெயர் லெட்டர்பாக்ஸிங்.

பெயரைக் கேட்டதும் தெருமுனைச் சிவப்புப் பெட்டியை நினைத்துவிடாதீர்கள். 1854-ல் சாக்ஃபோர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பெரட் என்று ஒரு வழிகாட்டி இருந்தார். டார்ட்மூரின் நடுவே கிரான்மியர் குளம் என்று ஓர் இடம். பெயர்தான் குளம், இருப்பதெல்லாம் சேறும் சதுப்பும். அவ்வளவு தூரம் கஷ்டப்பட்டு நடந்து வருகிறவர்கள் வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்ச்சீட்டைப் போட்டு வைக்கட்டும் என்று அவர் அங்கே ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார். பிற்காலத்தில் தபால் கார்டும் போட ஆரம்பித்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய் ஊரில் தபாலில் சேர்த்துவிட வேண்டும். பெயர் வந்த கதை இதுதான். 1894-ல் பெல்ஸ்டோன் டோர் என்ற பாறைக் குன்றில் இன்னொரு பெட்டி வந்தது. டார்ட்மூரைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய வில்லியம் கிராசிங்கின் நினைவாக 1938-ல் டக்ஸ் பூல் என்ற இடத்தில் ஒன்று வைத்தார்கள். இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஸ்மித்ஸோனியன் பத்திரிகையில் 1998-ல் ஒரு கட்டுரை வந்ததும் அமெரிக்காவிலும் பற்றிக்கொண்டது.

டப்பாவுக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு பதிவு நோட்டும் இருக்கும். தேடி வருகிறவர் கையில் சொந்த முத்திரை, மைப்பெட்டி, சொந்த நோட்டு. டப்பாவின் முத்திரையை இவர் தம் நோட்டில் பதித்துக்கொள்வார். தம் முத்திரையை டப்பா நோட்டில் பதித்துத் தேதி போடுவார். ஆக, கொடுக்கல் வாங்கல் மாதிரி இரண்டு பக்கமும் கணக்கு இருக்கும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எக்ஸெட்டர் ஊரில் நர்ஸாக இருக்கும் என் அக்கா மகளுக்கு இதில் பைத்தியம். அவளுடைய சொந்த முத்திரை ஒரு குத்துவிளக்கு! 2018-ம் வருஷம் மே மாதம் அவள் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தபோது நானும் இரண்டு மூன்று தடவை கூடப் போனேன். டப்பா கிடைக்கும்போது எல்லோருக்கும் சந்தோஷம்தான், அதில் என்ன அதிசயம்? கிடைக்காதபோது இந்த மனுஷர்கள் நடந்துகொள்ளும் விதம் இருக்கிறதே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மைல் நடந்திருப்போம். காற்று காதைக் கிழிக்கிறது. குறிப்புத்தாளில் சொன்ன பாறை இருக்கிறது, ஒற்றை மரம் இருக்கிறது, திசைகாட்டியை வைத்து நாற்பது காலடி எண்ணினால் கல்லும் இருக்கிறது. கல்லுக்கடியில் ஒன்றுமில்லை. அவளுடைய ஏழு வயசுப் பையனுக்கு முகம் கோணிவிட்டது. "யாரோ திருடிட்டாங்க" என்று அழ ஆரம்பித்தான். நானும், "சரிதான், யாரோ எடுத்துண்டு போயிட்டா போலிருக்கு, வாங்க திரும்பலாம்" என்றேன்.

"அப்படிச் சொல்லக் கூடாது, சித்தி" என்றாள் அவள். "நமக்குக் கிடைக்கலைன்னு மட்டும்தான் சொல்லலாம். காணோம்னு சொல்ற உரிமை வச்சவருக்குத்தான் உண்டு."

அப்புறம்தான் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். குறிப்பு எழுதியவர் ஆறடி மனுஷராக இருந்தால் அவருடைய நாற்பது காலடி நமக்கு ஐம்பதாகும். குறிப்பு பழசாக இருந்தால் இன்னொரு சிக்கல். திசைகாட்டி முள் காட்டும் வடக்கு வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறதாம். 1980-களில் எடுத்த திசைக்கும் 2018-ல் எடுத்த திசைக்கும் அந்தப் பிரதேசத்தில் நாலைந்து பாகை வித்தியாசம் வந்துவிடுகிறது. நாற்பது காலடி நடப்பதற்குள் மூன்று காலடி தள்ளிப் போய்விடுவோம்! குளிர்காலத்தில் மொட்டைத் தரையில் ஒளித்த டப்பாவைக் கோடையில் தேடினால் பெரணிச்செடி தோளுயரம் வளர்ந்து நிற்கும். இதெல்லாம் போக, நமக்கு முன்னால் வந்தவர் அவசரத்தில் பக்கத்துக் கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். டப்பாக்கள் நகர்வதற்கு இதுதான் முக்கிய காரணமாம்.

ஆகவே தேடும் வட்டத்தை ஐந்து காலடி, பத்துக் காலடி என்று விரிவாக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்காகக் கற்களையெல்லாம் புரட்டிப் போடுவதும், பாசியைப் பிய்ப்பதும், செடியைப் பிடுங்குவதும் கூடவே கூடாது. தூக்கிய கல்லை இருந்தபடி வைக்க வேண்டும். பொந்துக்குள் கையை விடுவதற்கு முன் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். டார்ட்மூரில் விரியன் ஜாதிப் பாம்பு உண்டு. குழந்தைகளோடு போகிறவர்கள் தேடுவதற்கு நேரக் கணக்கும் வைத்துக்கொள்கிறார்கள். இவள் வீட்டில் அரைமணி. அரைமணி ஆயிற்றா, விட்டுவிட வேண்டியதுதான். பனிமூட்டம் கவிந்துவிட்டால் அந்த மேட்டு நிலத்தில் வழி தெரியாது.

பையன் அழுதானே என்று கேட்பீர்கள். அவன் நோட்டில் அன்றைய பக்கத்தைக் காலியாக விடவில்லை. தேதி போட்டு, இடத்தின் பெயரை எழுதி, முத்திரை இருக்க வேண்டிய கட்டத்தில் அந்த ஒற்றை மரத்தைப் படம் வரையச் சொன்னாள். நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தான். வீட்டுக்கு வந்ததும், எந்தத் தேதியில், எந்தக் கல்லுக்கடியில், எவ்வளவு நேரம் தேடினோம் என்று டப்பா வைத்தவருக்கு விவரமாகத் தகவல் அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. டப்பா பத்திரமாக இருக்கிறது. இரண்டடி தள்ளி வேறு கல்லுக்கடியில் போயிருந்தது. சரியான இடத்தில் வைத்துவிட்டேன், மிக்க நன்றி என்று.

இதில் இன்னொரு கட்டுப்பாடு எனக்கு முதலில் விளங்கவில்லை. டப்பா கிடைக்காவிட்டால், கையில் இருக்கிற வேறொரு டப்பாவை அங்கே வைத்துவிட்டு வந்தால் அடுத்தவருக்கு உபகாரம்தானே? கூடாதாம். இருந்த டப்பா உண்மையில் இருந்துவிட்டால் ஒரே இடத்தில் இரண்டாகிவிடும். வருகிறவர் எதை அசல் என்று நினைப்பார்? அது மட்டுமில்லை, நிர்வாகமோ நிலத்துக்காரரோ எடுக்கச் சொல்லியே அது எடுக்கப்பட்டிருக்கலாம். டார்ட்மூர் 1951 முதல் தேசியப் பூங்கா. ஆதிகால மனிதர்கள் நட்ட கல்வரிசைகளும் வட்டமான வீட்டுச் சுவர்களும் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட இடங்களில் டப்பா வைக்கவே கூடாது; எங்கேயும் குழி தோண்டக் கூடாது, சிமெண்ட் பூசக் கூடாது. தெரியாமல் வைத்து அகற்றப்பட்ட டப்பாவுக்குப் பதில் நாம் போய் இன்னொன்றை வைத்தால் எப்படி இருக்கும்? உபகாரம் என்று நினைத்து உபத்திரவம் பண்ணக் கூடாது அல்லவா!

உடைந்த மூடியும் நனைந்த நோட்டும் மட்டும் கிடைத்தால் அதைக் குப்பை என்று எறிவதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, பக்கத்துக்குப் பக்கம் காகிதம் செருகி நிழலில் உலர்த்தி, வைத்தவரிடம் சேர்த்துவிடுகிறார்கள். ஊரை விட்டுப் போனவர், வயசாகி நடக்க முடியாதவர் ஆகியோரின் டப்பாக்களை, அவர்கள் சம்மதத்தோடு வேறொருவர் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

சரி, நிஜமாகவே போய்விட்டால்? அதையும் அந்த ஆறு வாரத்தில் பார்த்தேன். அக்கா மகளின் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுபது வயசுக்கு மேல் இருக்கும். 2006-ல் அவரும் அவர் கணவரும் சேர்ந்து ஒரு டப்பா வைத்தார்கள். அந்தப் பக்கத்து மட்டக்குதிரையின் உருவத்தைக் கணவர் சாதாரண அழிரப்பரில் கத்தியால் செதுக்கி முத்திரை செய்திருந்தார். நோட்டின் முதல் பக்கத்தில் வருகிறவர்களுக்கு நாலு வரி வரவேற்பும் அவர் கையெழுத்தில். 2014-ல் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் அந்த அம்மாள் வருஷம் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவாராம், சமாதிக்குப் போகிற மாதிரி.

அந்த வசந்தத்தில் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், டப்பா கிடைக்கவில்லை என்று தகவல் கொடுத்தார்கள். ஒருவர் சொன்னால் பொறுத்துப் பார்க்கலாம், பழக்கப்பட்ட இரண்டு பேர் சொன்னால் வைத்தவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்பது வழக்கம். அந்த அம்மாளும் அக்கா மகளும் போனார்கள். அங்கே குளிர்காலத்தில் முட்புதரையும் காய்ந்த புல்லையும் கொளுத்திவிடுவார்கள். புதுப் புல் முளைத்தால் ஆடுமாடுகளுக்கு மேய்ச்சல். அந்தத் தீ இந்தக் கல்லையும் எட்டியிருக்கிறது. கல் கறுத்துக் கிடந்தது. அடியில் உருகிச் சுருண்ட பிளாஸ்டிக் கட்டி ஒன்று. பன்னிரண்டு வருஷத்து நோட்டு, முத்திரை, கணவரின் கையெழுத்து எல்லாம் அதற்குள்ளே.

அந்த அம்மாள் வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் செய்த காரியம் என்ன தெரியுமா? குறிப்பு வாங்கியிருந்தவர்களுக்கெல்லாம், 'இந்த டப்பா இனி இல்லை, தயவுசெய்து போகவேண்டாம்' என்று சொல்லி அனுப்பியதுதான். "குழந்தைகளைக் கூட்டிண்டு யாராவது இந்தக் குளிர்ல வீணா நடந்துடப் போறாங்கன்னு அவங்களுக்குக் கவலை, சித்தி" என்றாள் என் அக்கா மகள். தன் துக்கம் அப்புறம்.

முத்திரைக்கு வழி இருந்தது. அக்கா மகளின் நோட்டில் அந்தக் குதிரை அழுத்தமாகப் பதிந்திருந்தது. அதைப் படியெடுத்து ரப்பர் தகட்டில் செதுக்கித் தருகிறேன் என்றாள். இதில் இந்தப் பொழுதுபோக்குக்காரர்களுக்குள் இரண்டு கட்சி. அச்சு அசலாக அதே முத்திரையைச் செய்ய வேண்டும் என்பார் ஒரு கட்சி. புதிசாகச் செய்தால்தான் பழையவர்களும் திரும்ப வருவார்கள் என்பார் மறு கட்சி. என் அபிப்பிராயம் முதல் கட்சிதான். ஆனால், என்னை யார் கேட்டார்கள்? அந்த அம்மாள் குதிரை அதே குதிரையாக இருக்கட்டும், காலடியில் 2018 என்று சிறியதாகப் போடு என்று சொல்லிவிட்டார். இது அவர் செதுக்கியது இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

நோட்டுக்கு என்ன செய்வது? முன்னால் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, இரட்டைக் கணக்கு, அது இங்கேதான் உதவிற்று. வந்தவர்கள் ஒவ்வொருவர் நோட்டிலும் அந்தக் குதிரை தேதியோடு பதிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் மூலம் சொல்லிவிட்டதும், ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைப் படம் பிடித்தும், தங்கள் முத்திரையைத் தாளில் குத்தியும் அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் புறப்படும்வரை பத்தொன்பது வந்திருந்தன. ஒருத்தி, "அப்போது என் மகள் என் வயிற்றில் இருந்தாள்" என்று எழுதியிருந்தாள். அவற்றைத் தேதி வரிசைப்படி அந்த அம்மாள் ஒரு புது நோட்டில் ஒட்டினார். பசை தடவிக் கொடுத்தது நான்தான். முதல் பக்கத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த நோட்டை அவர் மலைக்கு அனுப்பவில்லை, அது வீட்டு அலமாரிக்கு. மலைக்கு வேறு நோட்டு. இனிமேல் ஒவ்வொரு தடவை போகும்போதும் மலை நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டு வருவது என்று ஏற்பாடு. முத்திரையிலும் இரண்டு செதுக்கி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டார்கள். இடத்தையும் மாற்றினார்கள். முட்புதர் அண்டாத, வெறும் கருங்கல் சூழ்ந்த ஒரு பொந்து, பழைய இடத்திலிருந்து அறுபது காலடி. டப்பாவின் மேல் இது இன்னது, யாருடையது, எடுத்தவர்கள் இருந்த இடத்திலேயே வையுங்கள் என்று அழியாத மையில் எழுதி ஒட்டினார்கள். விவரம் தெரியாதவர்கள் குப்பை என்றோ ஆபத்தான பொருள் என்றோ நினைத்துவிடாமல் இருக்க இது அவசியம்.

டப்பாவைத் தேர்ந்தெடுத்த விதத்தை நம் வீட்டு உப்பு, புளி டப்பாக்களுக்கும் நீங்கள் செய்து பார்க்கலாம். நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடுகிற, மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் உள்ள டப்பாக்கள் மூன்றை வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் மெல்லிய காகிதத்தை மடித்துப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் மேலே கல்லை வைத்து ராத்திரி முழுக்க அமுக்கி வைத்தார்கள். காலையில் துடைத்துத் திறந்து பார்த்தோம். ஒன்றில் காகிதம் தொப்பல். ஒன்றில் ஓரம் மட்டும் ஈரம். மூன்றாவதில் காகிதம் மொரமொரவென்று இருந்தது. நோட்டையும் முத்திரையையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த டப்பாவில்தான் வைத்து அனுப்பினார்கள்.