கரையோர வீட்டில் நமக்கும் ஒரு பங்கு



ஆடி பிறந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். அனுப்புநர் முகவரி மயிலாப்பூர், மாம்பலம், அடையாறு என்று இருக்கும். உள்ளே இருப்பதோ திருவையாறு, பாபநாசம், குத்தாலம் பக்கத்துச் சமாசாரம். காவிரிக் கரையில் தாத்தா வீடு பூட்டிக் கிடக்கிறது, விற்கலாமா? ரிப்பேர் பார்க்கலாமா? ரிட்டயர் ஆனதும் அங்கேயே போய்விடலாமா?

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மார்கழியில் நம் சபா வாசல் போர்டுகளைப் படித்துப் பாருங்கள். உமையாள்புரம், செம்மங்குடி, திருவாரூர், மாயவரம் என்று வித்வான்களின் பெயருக்கு முன்னால் நிற்பதெல்லாம் ஆறும் வாய்க்காலும் ஓடுகிற ஊர்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்து வீடுகளில் பாதிக்கு அந்தக் கரைகளில் எங்கோ ஒரு வேர் இருக்கிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம், அவசரப்பட்டுக் குடிபோகவும் வேண்டாம். முதலில் காகிதத்தை நேராக்குங்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிகிற குடும்பம் எத்தனை? பல வீடுகளில் இன்னமும் கொள்ளுத்தாத்தா பெயரே ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு நாலு பிள்ளைகள், மூன்று பெண்கள். பேரன் பேத்திகளில் ஒருவர் நங்கநல்லூரில், ஒருவர் நியூ ஜெர்சியில். பட்டா, சிட்டா, நில வரைபடம் எல்லாம் இப்போது ஆன்லைனிலேயே பார்க்கலாம். 1975 முதலான வில்லங்க விவரமும் பதிவுத் துறைத் தளத்தில் கிடைக்கிறது. சோபாவில் உட்கார்ந்து போனிலேயே பார்க்கிற காரியத்தை ஏன் தள்ளிப்போடுகிறோம்? பார்த்தால் பேச வேண்டிவருமே என்ற பயம்தான்.

பேசத்தான் வேண்டும், குறிப்பாக அத்தைகளோடு. "பொண்களுக்குச் சீர் செஞ்சாச்சே, பங்கு எதுக்கு?" என்று இன்னமும் சொல்கிற பெரியவர்கள் உண்டு. 1989-லேயே தமிழ்நாடு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துவிட்டது. அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்கள் மட்டும் அப்போது விடுபட்டார்கள். 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் குறையையும் போக்கியது. அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அது வேறு கதை. மற்றபடி அத்தையின் கையெழுத்து இல்லாமல் எழுதுகிற கிரயப் பத்திரம் என்றைக்காவது ஒரு நாள் கோர்ட்டில் போய் நிற்கும்.

கிரயம் என்றால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்துப் பொதுவாக 9 சதவீதம். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. எல்லாரும் நடமாட்டமாக இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவிடுவது எவ்வளவு மலிவு, பாருங்கள்.

இன்னொரு சிக்கல் டெல்டாவுக்கே உரியது. வீடு நம்முடையது, அடிமனை கோயிலுடையது! அக்ரஹாரத் தெருக்களிலும் சன்னிதித் தெருக்களிலும் இது சகஜம். வீட்டுக்காரர் கோயிலுக்கோ மடத்துக்கோ வாடகை கட்டிவந்திருப்பார். அவர் காலத்துக்குப் பின் ரசீது நின்றுபோயிருக்கும். அறநிலையத் துறைக் கணக்கில் அது பாக்கியாக ஏறிக்கொண்டே இருக்கும். அந்த மனையை நம் இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது, பதியவும் மாட்டார்கள். பழைய டிரங்குப் பெட்டியில் மஞ்சளாகிப்போன ரசீது ஏதாவது இருந்தால் பத்திரமாக எடுத்துவையுங்கள்.

புதிதாக இடம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஆத்தைப் பார்த்த மாதிரி இடம் சார், விலை சல்லிசு" என்று புரோக்கர் காட்டுவது படுகை நிலமாக இருக்கலாம். படுகை என்றால் ஆறு பெருகும்போது ஆறே எடுத்துக்கொள்கிற இடம். வாழை போடலாம், வீடு கட்டக் கூடாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே கொள்ளிடம் அடித்துக்கொண்டு போனதே, நம் காம்பவுண்டுச் சுவர் எம்மாத்திரம்? நஞ்சையை மனையாக மாற்றவும் முறையான அனுமதி வேண்டும். பக்கத்தில் பெரிய ஆலை வரும், விலை எகிறும் என்ற கணக்கும் இங்கே பலிக்காது. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய்க் கிணறு முதலான பல தொழில்களை டெல்டாவில் புதிதாக அனுமதிப்பதில்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சரி, போய்வருவது எப்படி? ரயிலே உத்தமம். ராத்திரி எழும்பூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் கும்பகோணமோ தஞ்சாவூரோ. ஆனால் முன்பதிவுக் காலம் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள்தான். தட்காலுக்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பும் சேர்ந்துவிட்டது. பஸ் என்றால் கிளாம்பாக்கம். மெட்ரோ பள்ளங்களைத் தாண்டி லஸ்ஸிலிருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் பாதிப் பிரயாண அலுப்பு வந்துவிடுகிறது, இல்லையா? காரில் போகிறவர்களுக்கு நல்ல சேதி உண்டு. விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் வருஷக்கணக்காக இழுத்தடித்த சேத்தியாத்தோப்பு–சோழபுரம் பகுதி, 50 கிலோமீட்டர், 2025 ஜூலையில் நாலுவழியாகத் திறந்தாயிற்று. கொள்ளிடத்தின் மேல் புதுப் பாலமும் வந்துவிட்டது. அந்தத் துண்டில் மட்டும் முக்கால் மணி நேரம் மிச்சம் என்கிறார்கள்.

குடிபோகிற யோசனை இருப்பவர்கள் ஊரை ஆடிப்பெருக்கில் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். 2024-ல் ஜூலை கடைசி வரை திறக்கவில்லை. அணை மூடியபின் பங்குனி, சித்திரையில் போய்ப் பாருங்கள். நாம் படித்துறையில் நின்று படம் எடுத்த இடத்தில் மணல்தான் கிடக்கும். மதியம் கரண்ட் போனால் கூடத்தில் எவ்வளவு புழுக்கம், ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால் கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ எவ்வளவு நேரம், மாத்திரை எந்த ஊர் மெடிக்கலில் கிடைக்கிறது, எல்லாவற்றையும் ஒரு மாதம் இருந்தே பார்த்துவிடுவது நல்லது.

வீடு சும்மா பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? பூனை ஓடி ஒரு நாட்டு ஓடு நகரும். அந்த இடுக்கில் ஐப்பசி மழை இறங்கும். கைமரம் ஊறும், அடுத்த கோடைக்குள் கரையான் ஏறும். முற்றத்துச் சுவரில் காக்கை போட்ட அரச விதை முளைக்கும். முதல் வருஷம் விரலால் பிடுங்கிவிடலாம், மூன்றாம் வருஷம் சுவரோடுதான் வரும். ஜப்பானிலும் இதே கதைதான். 2023 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 90 லட்சம் வீடுகள் காலி. உள்ளூர் நிர்வாகங்களே பட்டியல் போட்டு ஆள் தேடுகின்றன. நம் ஊரில் அந்த வேலையைச் செய்கிறவர், சாவியை வைத்திருக்கும் எதிர்வீட்டு அம்மா. வாசல் பெருக்கி, விளக்குப் போட்டு, ஓடு நகர்ந்தால் போன் பண்ணிச் சொல்கிற அவருக்கு நாம் கொடுப்பது தீபாவளிக்கு ஒரு புடவை. ஃபிளாட்டுக்கு மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுகிறோமே, அவருக்கும் மாதச் சம்பளமாக அனுப்பினால் என்ன? நிலத்தைக் குத்தகைக்குப் பார்ப்பவரிடமும் கணக்கு எழுத்தில் இருக்கட்டும். குத்தகைதாரருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அவர் தலைமுறையாக உழுத நிலத்தை அவருக்கே நியாயமான விலையில் கொடுத்துவிடுவதுதான் பல குடும்பங்களுக்கு நல்ல வழி என்பது என் கட்சி.

இந்த மாதமே பட்டாவைப் பாருங்கள். பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் குட்மார்னிங் படத்துக்கு நடுவே அதையும் போடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் பொங்கலுக்குப் போகாதீர்கள், தாலுகா ஆபீஸ் மூடியிருக்கும். சாதாரண செவ்வாய், புதனாகப் பார்த்துப் போனால் வி.ஏ.ஓ.வும் இருப்பார், டிக்கெட்டும் கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்