செத்த காலேஜில் இரண்டரை மணி நேரம்

கல்லல்காரன் ஒருத்தன் மெட்ராஸுக்குப் போகிறான் என்றால் அது அவன் சொந்தக் காரியம் இல்லை, ஊர்க் காரியம். முதல் நாள் சாயங்காலமே சீட்டுகள் வர ஆரம்பித்துவிடும். "ரங்கநாதன் தெருவுல இந்தக் கலருக்கு ரெண்டு ஜாக்கெட் பிட்." "போற வழில சைதாப்பேட்டைல எம் மச்சினன்கிட்ட இந்த முறுக்கு டின்னை மட்டும் குடுத்துருங்கண்ணே." "போற வழில பாரிமுனையில ஒரு மிக்ஸி பிளேடு."

போற வழி! மெட்ராஸில் எல்லா இடமும் எல்லா இடத்துக்கும் போற வழியில்தான் இருக்கிறது என்பது எங்கள் ஊர் பூகோளம்.

2019-ல் நடந்தது இது. கிளம்பியது நானும் அப்பத்தாவும். அதற்கு அப்போது வயது 76. பாய் மாறினால் தூக்கம் வராது என்பதால் எந்த ஊரிலும் ராத்தங்காது. எனவே பல்லவன் எக்ஸ்பிரஸ். 1984-ல் திருச்சிக்கு விட்ட வண்டியை 2013-ல் காரைக்குடி வரை நீட்டியது எங்களுக்கு அடித்த யோகம். அப்போதைய கணக்குப்படி காலை ஐந்து மணி வாக்கில் காரைக்குடியில் ஏறினால் பன்னிரண்டே கால் வாக்கில் எழும்பூர். மூன்றே முக்காலுக்குத் திரும்பும் வண்டி. போக வர ரயிலில் பதினாலு மணி நேரம், ஊருக்குள் மூன்றரை மணி நேரம். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் திரும்புகிற மாதிரிதான்.

நான் விடுவேனா? செங்கல்பட்டு வருவதற்குள் டயம் டேபிள் தயார். 12.30 மின்சார ரயில். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் தாண்டினால் மாம்பலம், ஜாக்கெட் பிட். 1.30 சைதாப்பேட்டை, முறுக்கு. 2.15 மெரினா, அப்பத்தாவுக்குக் கடல் காட்டல் (பத்து நிமிடம்). 3.15 எழும்பூர். பிளேடு மட்டும்தான் இடித்தது.

அப்பத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "செத்த காலேசு எப்ப?" என்றது.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாளில் வெளியூர்க்காரர்களுக்கு மெட்ராஸில் இரண்டே காலேஜ்தான். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் வளாகத்திலேயே 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் என்ற வெள்ளைக்காரர் மிருகங்களையும் சேர்த்து வைத்தார். பிறகு உயிர் காலேஜ் தனிக்குடித்தனமாக சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூரில் குடியேறியது. செத்த காலேஜ் மட்டும் பழைய வீட்டிலேயே இருக்கிறது.

"1962-ல உங்க ஐயாவோட வந்தேன். கல்யாணமான புதுசு. ஒண்ணுதான் பாக்க நேரம் இருந்துச்சு. உயிர் காலேசுக்குக் கூட்டிப் போனாரு. செத்த காலேசு அடுத்த தடவைன்னாரு."

ஐயா போய்ச் சேர்ந்து அப்போதே பதினோரு வருஷம். அடுத்த தடவை வரவேயில்லை.

டயம் டேபிளை மடித்துப் பையில் வைத்தேன்.

எழும்பூரில் இறங்கி ஆட்டோ கேட்டோம். "பக்கத்துலதான் சார், நூறு ரூபா குடுங்க." அப்பத்தா, "பக்கத்துலன்னா எதுக்குய்யா நூறு?" என்றது. ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அறுபதுக்கு இறங்கினார். பாந்தியன் சாலையில் ஏறி உட்கார்வதற்குள் மியூசியம் வந்துவிட்டது.

திருவாலங்காட்டு நடராஜர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "யாரு பூசை பண்றா?" என்று காவலாளியைக் கேட்டது. அமராவதிச் சிற்பங்களை, "நல்ல கல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்தது. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டது. பாடம் பண்ணின மிருகங்கள் பக்கம் வந்ததும் நகரவே இல்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"ஏப்பா, இதுகள்ல எதையாச்சும் நானும் உங்க ஐயாவும் அன்னிக்கு உயிரோட பாத்திருப்பமோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "இருக்கும் அப்பத்தா" என்றேன்.

மணி ஒன்றே முக்கால். மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். அப்போதுதான் எனக்குள் இருந்த கல்லல்காரன் விழித்துக்கொண்டான். ஓடினால் மாம்பலமாவது முடியும்!

"நீ போய்ட்டு வாப்பா. நான் இங்கிட்டே இருக்கேன்" என்றது அப்பத்தா, நான் கேட்காமலே.

வாசல் வரை போனேன். திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வளாகத்தில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னதாக உட்கார்ந்திருந்தது. ஐம்பத்தேழு வருஷம் கழித்து வந்த 'அடுத்த தடவை' இது. இதிலும் நான் கால் மணி, அரை மணி என்று கிள்ளிக்கொண்டிருக்கிறேன். ஜாக்கெட் பிட் காரைக்குடியிலும் கிடைக்கும்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "என்னப்பா, கடை இல்லையா?" "லீவாம் அப்பத்தா." அது சிரித்தது. நம்பவில்லை. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லையே என்று சைதாப்பேட்டை டின்னைத் திறந்தோம். ஐயாவோடு அன்றைக்கு வந்த கதையை அது முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தது. கரடிக் கூண்டுப் பக்கம் போக ஐயா பயந்தது, வெளியே சொல்லாதே என்று வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தது... மெட்ராஸ் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, அப்பத்தா வழியாக.

சில மணி நேரத்துக்குப் பட்டணம் போகிறவர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியது இவ்வளவுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இடம். விடுமுறை நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். செத்த காலேஜுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ரயிலுக்கு அரை மணி முன்னால் பிளாட்பாரத்தில் இருங்கள். சீட்டு கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் கிளம்புங்கள்.

அடுத்த வருஷம் 2020. யாரும் எங்கேயும் போகவில்லை. அந்த ஒரு வருஷம் பூராவும் திண்ணையில் அப்பத்தா திமிங்கிலத்தை அளந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு முழம் கூடியது.

போன வாரம், "கடலு ஒண்ணுதான்ப்பா பாக்கலை" என்றது. "அடுத்த..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். டிக்கெட் போட்டாயிற்று. ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால், சைதாப்பேட்டைக்கு நான் இன்னும் ஒரு டின் முறுக்கு பாக்கி.