கொடைக்கானலில் மலாவி ஏரியா? ஆளை விடுங்க சாமி!

மலை மேலே வீடு இருக்கிற நம்ம நண்பர்கள் சிலருக்கு இப்போ ஒரு புதுக் காய்ச்சல். ஆறடி கண்ணாடித் தொட்டி வாங்கணுமாம், அதில் ஆப்பிரிக்க சிக்லிட் மீன் விடணுமாம். மஞ்சளும் நீலமுமா மீன் ஓடுற வீடியோ நாலு பார்த்தாச்சு, சென்னை கொளத்தூரில் விலையும் விசாரிச்சாச்சு. "சூப்பர்டா மச்சி" என்று எல்லாரும் ஏத்தி விடுறாங்க. நான் ஏத்தி விடுறதா இல்லை. கொடைக்கானலில் இந்தத் தொட்டி பர்ஸுக்கும் கேடு, மீனுக்கும் கொடுமை. காமர்ஸ் படிக்கிற ஆளு, அதனால கணக்கோடவே சொல்றேன் :-)

முதலில் மீனோட ஊரைப் பாருங்கள். மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாட்டுக்கும் பொதுவான ஏரி அது. மேல்மட்டத் தண்ணீர் வருஷம் பூரா 24 டிகிரிக்குக் குறையாமல் வெதுவெதுப்பா இருக்கும். காரத்தன்மை உள்ள கடினத் தண்ணீர் வேற. நம்ம கொடைக்கானல் இருப்பது 2100 மீட்டர் உயரத்தில். மார்கழி ராத்திரியில் 10 டிகிரிக்குக் கீழே போகும். மழைத்தண்ணி பாறையில் வழிந்து வருவதால் உப்புக் கம்மியான மென்மையான தண்ணீர். ரெண்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது.

"அதுக்குத்தானே ஹீட்டர்?" என்பீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 24 கன அடி. கிட்டத்தட்ட 680 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 680 கிலோ. குளிர்காலத்தில் 600 வாட் ஹீட்டர் ஒரு நாளில் பாதி நேரம் ஓடுதுன்னு வையுங்கள்: 7.2 யூனிட். ரெண்டு மாச பில்லில் 432 யூனிட். ஃபில்டர், லைட் இன்னும் சேர்க்கலை. வீட்டு உபயோகத்தோடு சேர்ந்து 500ஐத் தாண்டினால் ஸ்லாப் ரேட்டே மாறிடும். தொட்டி விலையைப் பேரம் பேசி ஆயிரம் ரூபாய் குறைக்கிறவங்க, மாசாமாசம் ஓடுற இந்த வேரியபிள் காஸ்ட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை.

வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்றணும். 170 லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் பதினோரு குடத்துக்கு மேலே! ஏப்ரல், மே சீசனில் ஊரே தண்ணிக்கு அலையும்போது பதினோரு குடத்தை மீனுக்கு ஊத்தப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி.

அப்புறம் கரண்ட். காத்தடிச்சா மரம் விழும், மரம் விழுந்தா லைன் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தப்ப மலையில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்? அந்த நாளில் ஹீட்டர் எப்படி ஓடும்?

சின்னத் தொட்டி வாங்கினா எல்லாம் குறையுமே என்று ஒரு புத்திசாலி கேட்கிறார். அது இதைவிட மோசம். மலாவி சிக்லிட் இடத்துக்குச் சண்டை போடுற ஜாதி. ஓடி ஒளிய இடமில்லாட்டி அடி வாங்கின மீன் செத்துப் போகும். தண்ணி கொஞ்சமா இருந்தா அம்மோனியாவும் சீக்கிரம் ஏறும், சூடும் சீக்கிரம் இறங்கும். பெரிய தொட்டி என்பது பந்தா இல்லை, அந்த மீனோட அடிப்படைத் தேவை. அதைக் கொடுக்க முடியாட்டி அந்த மீனே வேண்டாம்.

எனக்கு நிஜமாவே கோபம் வர்றது அடுத்த விஷயத்தில்தான். ஆசை தீர்ந்ததும் "பாவம், ஏரியில் விட்டுடலாம்" என்கிற கருணை. கொடைக்கானல் ஏரியே 1863ல் லெவிஞ்ச் துரை வெட்டவெச்ச செயற்கை ஏரிதானே, விட்டால் என்ன என்று நியாயம் வேற. மேலே விட்டால் குளிரில் விறைச்சுச் சாகும். கீழே பழநிப் பக்கம் குளத்தில் விட்டால் பிழைச்சுப் பெருகலாம். முதலாவது கொலை, ரெண்டாவது அதைவிடப் பெரிய தப்பு.

நம்பலையா? ஜிலேபிக் கெண்டையைப் பாருங்கள். அதுவும் ஆப்பிரிக்க சிக்லிட்தான் சாமி! 1952ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் தாய் வாயிலேயே வைத்துக் காப்பாற்றுகிற மீன், அதனால் கிடைத்த தண்ணியில் எல்லாம் பெருகும். ஏழே வருஷத்தில், 1959ல், இதைப் பரப்பக் கூடாது என்று தடை போட்டார்கள். என்ன பிரயோஜனம்? இன்னிக்கு வைகை, அமராவதி அணைகளில் மட்டுமில்லை, ஊர்க் குளம் வரைக்கும் அதுதான். பழநி மலையின் வடக்குச் சரிவுத் தண்ணீர் அமராவதி ஆற்றுக்கும், தெற்குச் சரிவுத் தண்ணீர் வைகைக்கும் போகுது. மலாவி சிக்லிட்டிலும் வாயில் குஞ்சு காக்கிற வகைதான் அதிகம். ஒரு தடவை பட்டது போதாதா?

அப்போ சிக்லிட்டே வளர்க்கக் கூடாதா? தாராளமா வளருங்கள், மலைக்குக் கீழே. சமவெளியில் ஹீட்டர் வருஷத்தில் பாதி நாள் சும்மா தூங்கும். போர் தண்ணியோட உப்பு நமக்குத்தான் எரிச்சல், இந்த மீனுக்கு அது சொந்த ஊர் மாதிரி. மீன் விடுறதுக்கு முன்னாடி ஒரு மாசமாவது ஃபில்டரை ஓட்டி, அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவை வளரவிடுங்கள். இந்தியாவுக்கே சொந்தமான சிக்லிட் மூன்று வகை இருக்கு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். அதில் ஒன்றுதான் 2010ல் கேரளா மாநில மீனா அறிவித்த கரிமீன்.

வேண்டாம்னு ஆயிட்டா கடையில் திருப்பிக் கொடுங்கள், வளர்க்கிறவங்ககிட்ட கொடுங்கள். வாளியைத் தூக்கிக்கிட்டு ஏரிப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மேலே குளிரை ரசிக்கலாம், கீழே மீனை ரசிக்கலாம். நடுவில் 65 கிலோமீட்டர் மலைப்பாதைதான். பஸ் ஓடுது.