இடிபாட்டுக்கு ஒரு விலை

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேஜையிலிருந்து விழும் துண்டுத் துணி, நிறம்வாரியாகப் பிரிக்கப்பட்டு, பஞ்சாகக் கிழிக்கப்பட்டு, பல்லடம், உடுமலை, வெள்ளகோவில் வட்டாரங்களிலுள்ள ஓபன் எண்ட் மில்களில் மறுபடியும் நூலாகி, போர்வையும் விரிப்புமாகச் சந்தைக்குத் திரும்புகிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டதன் பலனாக, சாயக் கழிவிலிருந்து நீரையும் உப்பையும் மீட்டு மறுபடி உபயோகிக்கும் வித்தையும் இங்கே கைவந்துவிட்டது. கழிவில் காசு காணும் சாமர்த்தியத்தை இந்தப் பிரதேசத்துக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆயினும், பழைய தறிக்கூடத்தை இடித்துவிட்டுப் பெரிய குடோன் நிர்மாணிக்கும் முதலாளி, இடிபாட்டை டிப்பர் லாரியில் ஏற்றி எந்தக் குட்டையிலாவது கொட்டச் சொல்லிவிட்டு, பல்லடத்தை அடுத்த கோடங்கிபாளையத்துப் பாறையை வெடிவைத்துப் பிளந்து எடுத்த புது ஜல்லியை யூனிட் கணக்கில் தருவிக்கிறார். கல்குவாரிகளை எதிர்த்து அவ்வூர் விவசாயிகள் நடத்திய போராட்டங்களை நாம் மறந்துவிடவில்லை. அவ்வெதிர்ப்பைக் கேட்டு அனுதாபப்பட்டவர்களில் எத்தனை பேர், தம் வீட்டை இடித்தபோது அதன் கற்கள் எங்கே போயின என்று விசாரித்திருப்பார்கள்?

இடிபாடு முழுவதும் வீணாகிறது என்று சொன்னால் அது அநியாயம். நிலைக்கதவும் ஜன்னலும் தேக்கு விட்டமும் சீமை ஓடும் பழைய மரச்சாமான் கடைகளுக்குப் போகின்றன; கான்கிரீட்டைச் சம்மட்டியால் உடைத்து உருவிய கம்பி, எடை போட்டு விற்கப்படுகிறது. விலையுள்ளதெல்லாம் வழி கண்டுகொள்கிறது. விலையற்ற செங்கல் உடைசலும் காரையும் கான்கிரீட் கட்டிகளுமே அநாதைகளாகின்றன. சுண்ணாம்புச் சாந்திலோ மண் சாந்திலோ கட்டிய சுவர், இடிக்கும்போது செங்கலைப் பெரும்பாலும் முழுசாகத் திருப்பிக் கொடுத்தது. சிமென்ட் சாந்து செங்கலை விட்டுப் பிரிய மறுப்பதால், பிரிக்கப் போனால் கல்லே உடைகிறது. உறுதியை நாடிச் செய்த மாற்றத்தில், அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கவேண்டிய கல்லை இழந்தோம். அந்த நஷ்டத்தை எந்த எஸ்டிமேட்டிலும் எவரும் எழுதியதில்லை.

உடைத்த கான்கிரீட்டை ஜல்லியாக்குவது சாத்தியமா என்ற சந்தேகத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-லேயே விடை சொல்லிவிட்டது. சாதாரணக் கான்கிரீட்டில் நான்கில் ஒரு பங்கு வரையிலும், எம்-25 தரத்துக்கு மேற்படாத கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு வரையிலும், அடித்தளத்துக்குப் போடும் மெலிந்த கலவையில் முழுவதுமாகவும் இந்த ஜல்லியைச் சேர்க்கலாம் என்பது அதன் விதி. பழைய காரை ஒட்டியிருப்பதால் இந்த ஜல்லி நீரை அதிகம் உறிஞ்சும். ஆகவே இந்த வரம்பு நியாயமானதே. டெல்லியின் புராரியில் 2009 முதலே இதற்கென ஓர் ஆலை இயங்குகிறது. சென்னையிலும் பெருங்குடி, கொடுங்கையூரில் ஆலைகள் வந்துவிட்டன.

சட்டத்தின் கதை வேறு. மத்திய அரசு 2025-ல் வெளியிட்டு, 2026 ஏப்ரல் முதல் தேதியை அமல் நாளாகக் குறித்த விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுவோர்மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. அது ஏறக்குறைய 2,15,000 சதுர அடி. பல்லடத்துத் தறிக்கூடங்களிலும் கோழிப் பண்ணைகளிலும் வீடுகளிலும் அந்த அளவை எட்டுபவை எத்தனை? பெருநகரத்து அடுக்குமாடிகளை மனத்தில் கொண்டு வகுத்த விதி, சில்லறையாக இடித்துச் சில்லறையாகக் கொட்டும் சிற்றூர்களைத் தொடாமலே கடந்துவிடுகிறது.

துண்டுத் துணிக்கு முதலில் வந்தது வாங்குபவன். பிரிக்கும் பழக்கம் அவனைத் தொடர்ந்து வந்தது. இடிபாட்டுக்கும் அதுவே வழி என்பது என் அபிப்பிராயம். அபராதம் விதித்தால், அதற்கு அஞ்சி லாரி இரவில் ஓடுமேயன்றி, குட்டை நிறைவது நிற்காது. 2025 ஏப்ரலில் தமிழக அரசின் கனிம நில வரிச் சட்டம் அமலுக்கு வந்ததும் கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறியதும் கட்டடம் கட்டியவர்கள் அனைவரும் அனுபவித்தவை. புதுக் கல்லின் விலை இப்படி ஏறிய பின், அந்த வரியில் ஒரு பங்கை ஒதுக்கிப் பல்லடத்தில் இடிபாடு பிரிக்கும் யார்டு ஒன்றை அரசு அமைக்கட்டும். நகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் தத்தம் டெண்டர்களில், நடைபாதைக் கல்லுக்கும் அடித்தளக் கலவைக்கும் மறுசுழற்சி ஜல்லியையே வாங்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதட்டும்.