கரண்ட் இரண்டு மடங்கு, பில் ஐந்து மடங்கு!

ஏசி வாங்கும்போது இ.எம்.ஐ. எவ்வளவுன்னு எல்லாரும் கேட்கிறோம். ஈ.பி. பில் எவ்வளவு ஏறும்னு எத்தனை பேர் கேட்கிறோம்?

திண்டிவனம் பக்கத்துல இருக்கிற ஓமந்தூரை எடுத்துக்கோங்க. முன்னாள் முதல்வர் ஓமந்தூராரின் சொந்த ஊர். அந்த மாதிரி கிராமத்துல ஒரு சாதாரண வீட்டுல ரெண்டு ஃபேன், டிவி, அரசு 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்த மிக்ஸி, கிரைண்டர் இருக்கும். வெந்நீர் விறகு அடுப்புல. துணி துவைக்கக் கல்லு. ராத்திரி காத்துக்குத் திண்ணை. இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, பில் பெரிய விஷயமே இல்ல.

அந்த வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சென்னை வந்ததும் விறகு கீசர் ஆகுது, கல்லு வாஷிங் மெஷின் ஆகுது, திண்ணை ஏசி ஆகுது. இதை ஆடம்பரம்னு திட்டுறது தப்பு. ஊர்ல காசில்லாம நடந்ததெல்லாம் நகரத்துல மீட்டர் வழியா நடக்குது, அவ்வளவுதான்.

கணக்கு எங்க இடிக்குது?

2022 செப்டம்பர் கட்டணத்தை வச்சுப் பார்ப்போம். 2024-ல ரேட் கொஞ்சம் ஏறினாலும் படிக்கட்டு முறை மாறல.

- 250 யூனிட்: 450 ரூபாய்
- 500 யூனிட்: 1,725 ரூபாய்
- 501 யூனிட்: 1,958 ரூபாய்

ஆமா, அந்த ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500-ஐத் தாண்டினா 101-லிருந்து 200 வரைக்குமான 2.25 ரூபாய் ரேட் போய், அதுவும் 4.50 ஆகிடும்.

250 யூனிட் வீட்டுல ஏசி தினமும் 5 யூனிட் இழுத்தா, 60 நாள்ல 300 யூனிட். மொத்தம் 550. பில் 2,350 ரூபாய்!

என்ன பண்ணலாம்?

ஏசி போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். தூக்கம் கெட்டு வேலைக்குப் போறது அதைவிட நஷ்டம். ஆனா 500-க்குள்ள நிறுத்தப் பாருங்க.

1. மூணு பழைய ஃபேனை பிஎல்டிசி ஃபேனா மாத்துங்க. ஒண்ணுக்கு 40 வாட் மிச்சம், தினமும் 12 மணி நேரம்னா இரண்டு மாசத்துல சுமார் 86 யூனிட். 550 இப்போ 464. பில் 1,509.
2. ரீடிங் எடுத்த 45-வது நாள் மீட்டரைப் பாருங்க. கடைசி 15 நாள் உங்க கையில இருக்கு.
3. வாடகை வீடா? தனி ஈ.பி. இணைப்பு இருக்கான்னு அக்ரிமென்ட்டுக்கு முன்னாடியே கேளுங்க. ஓனர் சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினா, 450 ரூபாய்க்கு எரிச்ச 250 யூனிட்டுக்கு நீங்க கட்டுறது 2,000.

கடைசியா ஒண்ணு. ஊர்ல அம்மா அப்பாவுக்கு ஏசி வாங்கிக் கொடுக்கப் போறீங்களா? நல்ல விஷயம். அந்தப் பில்லையும் உங்க பட்ஜெட்ல எழுதிட்டு, அவங்ககிட்ட அதைச் சொல்லிடுங்க. இல்லன்னா பில்லுக்குப் பயந்து, ரிமோட் கவர் கூடப் பிரிக்காம அலமாரியில இருக்கும்.

உங்க கடைசி பில் எத்தனை யூனிட்? கமெண்ட்ல சொல்லுங்க.