முட்டையைப் பிரித்தெடுப்பதா, பெற்ற மீனிடம் விடுவதா?

கண்ணாடித் தொட்டிகளில் ஏஞ்சல் மீனை இனவிருத்தி செய்வோரிடையே நெடுநாளாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. ஜோடி மீன்கள் இட்ட முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றிச் செயற்கையாய்ப் பொரிக்கச் செய்வதா, அன்றிப் பெற்றோரிடமே விட்டுவிடுவதா என்பதே அது. சென்னைக் கொளத்தூர் முதலிய இடங்களில் இதனையே ஜீவனோபாயமாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது அற்ப விஷயமன்று.

அமேசான் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த இம்மீன், அகன்ற இலையிலோ சாய்த்து வைத்த கற்பலகையிலோ சில நூறு முட்டைகளை ஒட்டி வைக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறும். வெளுத்துக் கெட்ட முட்டைகளை வாயால் பொறுக்கி அகற்றும். ஆயினும் இளம் ஜோடிகள் முதற் சில ஈடுகளை முற்றும் தின்றுவிடுவதுண்டு. மிரண்டாலும் அவ்வாறே செய்யும். பல நாள் நல்ல தீனியிட்டுக் காத்திருந்தவன் விடியற்காலையில் வெறும் பலகையைக் கண்டால், அடுத்த தடவை அதனை எடுத்துவிடுவதில் வியப்பில்லை.

எடுத்த பலகையை அதே வெப்பமுள்ள சுத்த ஜலத்தில் இட்டு, மெதிலீன் நீலம் சிறிது கலந்து, அருகே காற்றுக் குமிழி எழச் செய்ய வேண்டும். 28 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் 2 அல்லது 3 நாட்களில் பொரித்து, மேலும் 5 நாட்களளவில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்பொழுது உயிருள்ள ஆர்ட்டீமியாக் குஞ்சுகள் ஆயத்தமாயிராவிடில் பட்ட பிரயாசை யாவும் வீணே. முட்டையை இழந்த ஜோடி விரைவில் மறுபடி ஈடு வைக்குமாதலால் இம்முறையில் லாபம் அதிகமென்பது மெய்.

எனினும் இதனையே தலைமுறைதோறும் அநுசரிப்பதில் ஒரு கேடு மறைந்துள்ளது. குஞ்சைக் காக்கும் ஜோடியின் வித்தும், முட்டையைத் தின்னும் ஜோடியின் வித்தும் செயற்கைத் தொட்டியில் சமமாகவே பிழைக்கின்றன. களத்தில் விதைநெல்லையும் தீனிநெல்லையும் ஒன்றாய்க் குவித்துவிட்டு, மறுவருஷம் பயிரை நொந்துகொள்ளும் குடியானவனை ஒத்த செய்கை இது. டிஸ்கஸ் மீன் வளர்ப்போர் இதன் விலையை நன்கு அறிவர். அதன் குஞ்சுகள் முதலில் பெற்றோர் உடலில் சுரக்கும் வழுவழுப்பையே தின்று வளர்வனவாதலால், அவற்றைப் பிரித்து வளர்ப்பது மிகக் கடினம்.

விற்பனைக் குஞ்சுகளுக்குச் செயற்கை முறையே போதும். வித்து மீனுக்கோவெனில், வருஷத்தில் ஓரிரு ஈடுகளையேனும் பெற்றோரிடம் விட்டு, அக்குஞ்சுகளைத் தனித் தொட்டியில் அடையாளமிட்டு வளர்க்க வேண்டும். முதல் ஈட்டைத் தின்ற ஜோடியை அவசரப்பட்டுத் தள்ளலாகாது. தொட்டியின் மூன்று புறமும் காகிதம் ஒட்டி, இரவில் மங்கிய விளக்கொன்று வைத்து, நான்கைந்து தடவை பார்க்கலாம். பின்னும் தின்பவற்றின் முட்டைகளைப் பிரித்தெடுத்து விற்பனைக்கே வளர்த்துக்கொள்க.