சைக்கிளில் ஒரு கணக்குப்பிள்ளை

சைக்கிளுக்கு மணி வேண்டும், விளக்கு வேண்டும், பிரேக் கட்டாயம் வேண்டும். கம்ப்யூட்டர் எதற்கு? அதுவும் அறுபதாயிரம் ரூபாய் விலையில்?

பட்டணத்து வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி காலைக் காப்பியோடு எழுந்து பகல் சாப்பாடு வரையில் நீடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, நூறு கிலோமீட்டர் போய்விட்டுப் பதினோரு மணிக்குப் பசியோடு வந்து நிற்கும் பேர்வழி உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். மகனோ மருமகனோ மட்டுமல்ல, மகளோ மருமகளோ கிளம்பினாலும் இப்போது யாரும் வாயைப் பிளப்பதில்லை. பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இவர்கள் வேட்டி, புடவை என்று சொல்வதில்லை. "ஜி.பி.எஸ். கம்ப்யூட்டர்" என்கிறார்கள். பணம் கொடுக்கப் போகிறவர்களுக்கு அது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டாமா?

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி அது. சைக்கிளின் கைப்பிடிக்கு முன்னால் பொருத்துவார்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், எத்தனை மீட்டர் மேடு ஏறியாயிற்று, இன்னும் எவ்வளவு பாக்கி என்று ஓயாமல் கணக்கு எழுதிக்கொண்டே வரும். அசல் கணக்குப்பிள்ளைதான். விலை உயர்ந்த ரகங்களில் வண்ணப் படமும் உண்டு. திருப்பம் வருமுன் வழி சொல்லும். "இதையெல்லாம் செல்போனே செய்யாதா?" என்றால், செய்யும். ஆனால் வெயிலில் சூடேறும், மழையில் விரலுக்கு அடங்காது, நாள் முழுவதும் திரை எரிந்தால் சாயங்காலத்துக்குள் உயிரை விட்டுவிடும். வழியில் ஆபத்து என்றால் வீட்டுக்குப் பேச வேண்டிய சாதனம் அது. அதைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கடையில் உயர்ந்த ரகம் என்று கேட்டால் முக்கியமாக மூன்று கம்பெனிகளின் சரக்கைக் காட்டுவார்கள். முதலாவது கார்மின். காரி பரல், மின் காவ் என்ற இரண்டு பேர் 1989-ல் அமெரிக்காவில் கான்ஸஸ் மாகாணத்தில் ஆரம்பித்தது. இருவர் பெயரிலும் பாதிப் பாதி எடுத்து ஒட்டியதுதான் 'கார்மின்'. (கல்யாணப் பத்திரிகையில் பெண், பிள்ளை பெயர்களை ஒட்ட வைக்கும் இன்றைய வழக்கத்துக்கு இவர்கள் முன்னோடிகள்!) எட்ஜ் 1040 என்ற சாதனத்தை 2022-லும், எட்ஜ் 1050 என்பதை 2024-லும் இவர்கள் வெளியிட்டார்கள். இரண்டாவது, அட்லாண்டா நகரத்து வாஹு. 2024 டிசம்பரில் வந்த எலிமென்ட் ஏஸ் இவர்களுடையது. மூன்றாவது ஹாமர்ஹெட், சாதனத்தின் பெயர் கரூ, 2024-ல் வந்த புதிய பதிப்பு.

வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை இப்படி: எட்ஜ் 1050 எழுநூறு டாலர், எட்ஜ் 1040 அறுநூறு, அதிலேயே சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் 'சோலார்' ரகம் எழுநூற்றைம்பது, ஏஸ் அறுநூறு, கரூ நானூற்று எழுபத்தைந்து. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்ந்து நம் ஊரில் என்ன ஆகும் என்பதைக் கடைக்காரர் சொல்லுமுன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துக்கொள்வது நல்லது.

இவற்றில் எது உசத்தி என்று சைக்கிள் பிரியர்களைக் கேட்டால் பொழுது விடிந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வாங்கப் போகிறவர் ஒரே மூச்சில் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் சைக்கிள் விடுகிறார்? முதலில் இதற்குப் பதில் வாங்குங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏன் என்றால், திரைக்கும் பாட்டரிக்கும் ஜன்மப் பகை. எட்ஜ் 1050-ன் திரை, கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். நல்ல செல்போனுக்குச் சமானம். அதற்கு விலை, பாட்டரி. எல்லா வசதிகளையும் உபயோகித்தால் இருபது மணி நேரம் என்பது கம்பெனியின் கணக்கு. அண்ணனான 1040-ன் திரை பார்க்கக் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அது வெயிலையே வெளிச்சமாக வாங்கித் திருப்பிக் கொடுக்கும் ஜாதி. உச்சி வெயிலில்தான் நன்றாகத் தெரியும். அதனால் முப்பத்தைந்து மணி நேரம் தாங்கும். சோலார் ரகம் நாற்பத்தைந்து. ஏஸ் முப்பது மணி. கரூவின் திரையும் பளபளப்புதான். பாட்டரி பதினைந்து மணியை ஒட்டி. கடைக்குள் குழல் விளக்கின் கீழ் பார்த்தால் 1050-ம் கரூவும் ராஜகுமாரிகளாக ஜொலிக்கும், 1040 சமையற்கட்டு மூலை மாதிரி இருக்கும். ஆகையால் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பார்க்க வேண்டும். பட்டுப் புடவைக்கு நாம் செய்வதில்லையா, அதே போல.

பாட்டரி எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிரான்ஸ் தேசத்திலிருந்து ஓர் உதாரணம். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் சைக்கிள் ஓட்டம் ஒன்று உண்டு. 1891-ல் ஒரு பத்திரிகைதான் அதை ஆரம்பித்து வைத்தது என்பதைப் பத்திரிகைக்காரன் என்ற முறையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அந்த வருஷம் முதலில் வந்தவர் ஷார்ல் தெரோன்; சுமார் எழுபத்தோரு மணி நேரம், தூக்கமில்லாமல். இப்போது அது பந்தயம் அல்ல. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, ஆகஸ்டு மாதத்தில், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டரைத் தொண்ணூறு மணிக்குள் முடித்தால் போதும். கடைசியாக 2023-ல் நடந்தது. நம் தேசத்திலிருந்தும் பலர் போய் வருகிறார்கள். சக்கரம் போல் வட்டமாக, நடுவில் கிரீம் வைத்து, இந்த ஓட்டத்தின் பெயரில் ஒரு பலகாரமே அங்கே பிரசித்தம் என்றால் பாருங்களேன்!

தொண்ணூறு மணி! மேலே சொன்ன எந்தச் சாதனமும், திரையும் படமும் எரிய, அவ்வளவு நேரம் தாங்காது. சிக்கன முறையில் வைத்தால் எட்ஜ் 1040 சோலார் நூறு மணி நேரம் வரும் என்கிறார்கள். அதற்குப் பளிச்சென்ற வெயில் வேண்டும். இந்த ஓட்டத்திலோ ராத்திரியெல்லாம் மிதித்தாக வேண்டும். மேகமும் மழையும் வேறு. ராத்திரியில் சூரியன் மின்சாரம் தர மாட்டார்.

ஆகவே ஒரு கணக்குப் போடலாம். சோலார் அல்லாத 1040-க்கும் சோலாருக்கும் வித்தியாசம் நூற்றைம்பது டாலர். கிடைப்பதோ நல்ல வெயிலில் சுமார் பத்து மணி நேரம். செல்போனுக்கு மின்சாரம் ஏற்றும் 'பவர் பாங்க்' ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதே மின்சாரத்தை மழையிலும் இருட்டிலும் கொடுக்கும், செல்போனையும் காப்பாற்றும். ஞாயிறுதோறும் நாலைந்து மணி நேரம் சுற்றிவிட்டு வருகிறவருக்குச் சோலார் ஆடம்பரம் என்பதே என் அபிப்பிராயம். நாள் கணக்கில் ஊர் ஊராகப் போகிறவருக்கு மட்டும் அதில் அர்த்தம் உண்டு. இன்னொன்று: அந்தப் பிரெஞ்சு ஓட்டத்தில் பாதை நெடுக அம்புக் குறி நட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கையில் ஒரு அட்டையை நீட்டி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி அங்கே சாட்சி சொல்ல முடியாது, அட்டைதான் சாட்சி.

"அதிக விலை கொடுத்தால் வழியை இன்னும் துல்லியமாகக் காட்டுமோ?" என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்று கூவிக்கொண்டே இருக்கிறது. நாலு கோள்களின் கூவலையாவது கேட்டு, எது எத்தனை தாமதமாக வந்தது என்று பார்த்துத் தன் இடத்தைப் பெட்டி கண்டுபிடிக்கிறது. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் முந்நூறு மீட்டர் பிசகும். உயர்ந்த கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வரும் சமிக்ஞைதான் பெரிய தொந்தரவு. அதைச் சமாளிக்க இரண்டு அலைவரிசைகளில் கேட்கும் வித்தை வந்திருக்கிறது. மேலே சொன்ன சாதனங்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஆகவே துல்லியத்தைச் சொல்லி யாரும் உங்களிடம் கூடுதல் பணம் கேட்க முடியாது.

இங்கே ஒரு விஷயத்தை வீட்டிலிருப்பவர்கள், முக்கியமாகக் காத்திருப்பவர்கள், நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டி கோள்களைக் கேட்கிறது, கோள்களோடு பேசுவதில்லை. ஜி.பி.எஸ். இருக்கிறதே, பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஆகாயத்திலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 'நேரடித் தொடர்' என்று ஒரு வசதி உண்டு. வீட்டில் இருந்தபடியே உங்கள் செல்போனில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்க்கலாம். அந்தச் செய்தி வருவது அவர் பையிலுள்ள செல்போன் வழியாக. அதில் சார்ஜ் தீர்ந்தாலும், மலைப் பாதையில் சிக்னல் அற்றுப்போனாலும், புள்ளி நின்றுவிடும். சைக்கிள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எத்தனையோ தாய்மார்கள் அந்த நின்றுபோன புள்ளியைப் பார்த்து அடுப்பில் இருந்ததைத் தீய விட்டிருப்பார்கள்!

கார்மின் சாதனங்களில், விழுந்துவிட்டால் அதிர்ச்சியை உணர்ந்து வீட்டுக்குத் தானே செய்தி அனுப்பும் ஏற்பாடும் உண்டு. அதுவும் அதே செல்போனை நம்பித்தான். சட்டென்று பிரேக் போட்டாலே சில சமயம் விழுந்ததாக நினைத்துக்கொள்ளும். அதனால் செய்தி போகுமுன் ரத்துச் செய்யச் சில வினாடி அவகாசம் தருகிறது. ஆகவே இந்த ஏற்பாட்டோடு வீட்டில் ஒரு பேச்சும் வேண்டும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை மணி தாண்டினால் யார் யாரைக் கூப்பிடுவது என்று காகிதத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் அதற்கு சார்ஜ் தேவையில்லை.

மகள் தனியாகப் போகிறவள் என்றால் இன்னொரு ஜாக்கிரதை. போய் வந்த பாதையைப் படத்தோடு உலகத்துக்குக் காட்டும் வழக்கம் இவர்களிடம் இருக்கிறது. ஸ்ட்ராவா என்ற நிறுவனம் இப்படிச் சேர்ந்த பாதைகளையெல்லாம் ஒரே படமாக வெளியிட, 2018 ஜனவரியில் அதில் ராணுவ முகாம்களின் அமைப்பே தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ராணுவத்துக்கே அந்தக் கதி! பாதை தினமும் உங்கள் வாசலில் ஆரம்பித்து உங்கள் வாசலில் முடிந்தால் விலாசத்தை வேறு எழுதி ஒட்ட வேண்டியதில்லை. வீட்டைச் சுற்றி ஒரு வட்டத்தை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது. வாங்கிய அன்றே, முதல் சவாரிக்கு முன்பே, அதைச் செய்துவிட வேண்டும்.

கம்பெனியின் சமாசாரத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜூலையில் கார்மினின் கணினிகளை விஷமிகள் முடக்கிவிட்டார்கள். அதன் சேவைகள் பல நாள் நின்று போயின. ஆனால் சவாரிக் கணக்கு பெட்டிக்குள் பத்திரமாகவே இருந்தது. கம்பி வழியாக எடுக்கவும் முடிந்தது. 2022-ல் ஸ்ராம் என்ற சைக்கிள் உறுப்புக் கம்பெனி ஹாமர்ஹெட்டை வாங்கியது. அதே வருஷம், போட்டிக் கம்பெனியான ஷிமானோவின் மின்சாரக் கியர்களைப் பற்றிய விவரங்களை ஷிமானோ கேட்டுக்கொண்டதன் பேரில் கரூவிலிருந்து நீக்க நேர்ந்தது. சம்பந்திச் சண்டையில் சீர்வரிசை திரும்பின கதைதான்! சைக்கிளில் இருப்பது யாருடைய கியர் என்று பார்த்து, கரூவோடு இன்று ஒத்துப்போகிறதா என்று கடையில் கேட்டபிறகு பணத்தை எடுங்கள்.

ஏஸைப் பற்றி ஒரு வார்த்தை. எதிர்க்காற்றை அளக்கும் புது வித்தை அதில் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று அடிப்பதை அறிய முகம் ஒன்று போதாதா என்று எனக்குத் தோன்றுகிறது. போதாக்குறைக்கு எடை இருநூறு கிராமுக்கு மேல்.

கடைசியில் எதைத்தான் வாங்குவது? ஞாயிற்றுக்கிழமை சவாரிக்காரருக்குக் கரூ தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில், பின்னால் வரும் வண்டியை நூற்று நாற்பது மீட்டரிலேயே கண்டு எச்சரிக்கும் ராடார் விளக்கை வாங்கிப் பூட்டச் சொல்லுங்கள். அது கார்மின் தயாரிப்பானாலும் மற்றக் கம்பெனிப் பெட்டிகளோடும் ஒத்துப்போகும். நம் சாலைகளில், எந்தப் படத்தையும்விட அந்த விளக்குக்குத்தான் என் ஓட்டு. விடிய விடிய ஓட்டுகிறவருக்கு, சோலார் இல்லாத 1040-ம் ஒரு பவர் பாங்கும். நாற்பது வயது தாண்டி, மூக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாதவருக்கு மட்டும் 1050. இருதயத் துடிப்பை அளக்கும் பட்டை, மிதிக்கும் பலத்தை அளக்கும் கருவி இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் தனி விலை என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்; பெட்டி காட்டுவது, அவை அளந்து சொல்வதைத்தான்.

எட்ஜ் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னக் கயிறும் இருக்கும். அநேகம் பேர் அதைக் காகிதத்தோடு குப்பையில் போட்டுவிடுகிறார்கள். குண்டும் குழியுமான சாலையில் பெட்டி கழன்று விழுந்தாலும் கைப்பிடியோடு தொங்கட்டும் என்பதற்காக வைத்தது அது. கட்டிவிட்டாரா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள்.